தண்ணீரால் ஒரு குழி

இந்த ஜென்மத்தில் இனி மண்வெட்டியைத் தொடுவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை சபதம் எடுத்தேன். துணி காயப்போடற கொடிக்குக் கம்பம் நடணுமாம் என் மனைவிக்கு. பின்பக்கம் ஒரு குழி வேணுமாம். எனக்கு வேண்டியதோ தூக்கம்!

நல்லவேளை, முந்தின நாள்தான் ஆபீஸ் வாசலில் ஒரு லாரி குழி தோண்டுவதை வாயைப் பிளந்து பார்த்திருந்தேன்.

"அவசரப்படாதே," என்றேன் அவளிடம். "நம்ம மண்ணுக்கடியில கரன்ட் கேபிள் போகுது. இப்பல்லாம் லாரியில வந்து, தண்ணியைப் பீய்ச்சி மண்ணைக் கரைச்சு, பெரிய குழாயால சேத்தை உறிஞ்சி எடுத்துடறாங்க. கேபிள் மேல ஒரு கீறல் விழாது."

"அப்போ மண்வெட்டி?"

"அது கற்காலம்."

"கடப்பாரை?"

"கொலை ஆயுதம்! அதைப் போட்டா தெருவே இருட்டாயிடும்."

"அந்த லாரியைக் கூப்பிடலாமா?"

"வாடகை குடுக்க வீட்டை விக்கணும். விக்கற வீட்டுக்குக் குழி எதுக்கு?"

ஜெயித்துவிட்டேன். போர்வையை இழுத்தேன். வரவில்லை. அது அவள் கையில் இருந்தது.

"தண்ணிக்கு ஹோஸ் இருக்கு. உறிஞ்ச, கார் சுத்தம் பண்ண வாங்கின வேக்குவம் கிளீனர் இருக்கு. அது தண்ணியையும் உறிஞ்சும்னு நீங்கதானே பீத்திக்கிட்டீங்க? எழுந்திருங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேலையைத் தட்டிக்கழிக்கத்தானே பேசினேன்? வேலை எப்படிப் பெரிசாச்சு?

பீய்ச்சினேன். மண் நேராக என் வாய்க்குள் வந்தது. உறிஞ்சினேன். நாலு வாய் சேற்றில் வேக்குவம் நிரம்பி விக்கியது. அதைக் கொட்டிவிட்டு வருவதற்குள் குழி தூர்ந்துபோனது. மறுபடி பீய்ச்சினேன். மத்தியானம் பார்த்தால் குழியைக் காணோம், குளம்தான் இருக்கிறது. எருமை வந்து படுக்காததுதான் பாக்கி.

"ஒரு மண்வெட்டி குடேன்," என்றேன்.

"ஐயய்யோ, கேபிள்?"

"கேபிளாவது கூபிளாவது! சும்மா சொன்னேன் தாயே!"

"அது காலையிலயே தெரியுமே," என்றாள் அமைதியாக. "நம்மகிட்ட மண்வெட்டி ஏது? இருங்க." மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அக்கா! உங்க மண்வெட்டி வேணுமாம் இவருக்கு. ரொம்ப ஆசைப்படறாரு."

"தாராளமா! அப்படியே எங்களுக்கும் ஒரு குழி வெட்டித் தரச் சொல்லேன்," என்றாள் பக்கத்து வீட்டு அம்மா. "எங்க வீட்டுக்காரர் ஏதோ லாரி வந்தாத்தான் தோண்டணும்னு சொல்லிட்டுத் தூங்கறாரு."

"வெட்டறேன், வெட்டறேன்! முதல்ல மண்வெட்டியைக் குடுங்க!" என்று யாரோ ஒரு ஏமாளி ஆசையாகக் கத்தினான்.

யாரென்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமே இல்லை.