முதல் வரியில் கை வைக்க மாட்டேன்

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் என் மகளும் நலமாக இருப்பதைப் போனில் பார்த்துக்கொள்கிறோம். நலம் இத்தோடு முடிந்தது, இனி புகார்.

போனில் நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டி, வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரைப் புதுப்பித்தோமே, அன்று முதல் நான் எழுதிய குட்டி நிரல், என் ஸ்கிரிப்ட், ஓடவில்லை. காலையில் டீ போடுவது நானா அத்தையா என்று தீர்ப்புச் சொல்லுமே, அதுதான். பஸ் பணிமனையில் உதிரிபாகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன், யார் முன்னாலும் கைகட்டி நிற்காமல் தானே கற்று எழுதியது. ஓடு என்றால், "அப்படி ஒரு ஃபைல் கிடையாது" என்கிறது. என்னதான் இருக்கிறது என்று பட்டியல் கேட்டால், அதே ஃபைலை முதல் ஆளாகக் காட்டுகிறது. இருக்கிறது என்பதும் அந்த வாய்தான், இல்லை என்பதும் அந்த வாய்தான்.

உங்களிடம் கேட்டதற்கு, "ஃபைலைச் சொல்லலை மாமா. அதைப் படிச்சு ஓட்டுற இன்டர்பிரெட்டர் வேற டைரக்டரிக்குப் போயிடுச்சு. ஸ்கிரிப்ட் முதல் வரியில இருக்கிற அதோட அட்ரஸை மாத்துங்க, ஒரு நிமிஷ வேலை" என்றீர்கள். வீடு மாறியது அது. விலாசம் திருத்த வேண்டியவன் நானா? மாட்டேன். தவிர, அந்த வரி என்னுடையதும் அல்ல. என் மகளை விரும்புவதாகச் சொல்ல முதன்முதலாக வந்த அன்று, என்னைப் பார்த்ததும் வந்த விஷயத்தை விட்டுவிட்டு, "என்ன சார் எழுதறீங்க?" என்று மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டீர்கள். ஸ்கிரிப்டை ஓட்ட ஒவ்வொரு தடவையும் நான் இன்டர்பிரெட்டரைப் பெயர் சொல்லி அழைப்பதைப் பார்த்து, "மேல ஒரு வரி போட்டா தானா ஓடும் சார்" என்று அடித்துக் கொடுத்தீர்கள். அதையும் பத்துத் தடவை அடிப்பதும் அழிப்பதுமாக. "ஒரு வரி அடிக்கவே இத்தனை நேரம்னா, பொண்ணு கேக்க எப்ப வாய் வரும்?" என்று அத்தை சமையலறையிலிருந்து குரல் கொடுக்க, கதவுக்குப் பின்னால் மகள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மற்ற வரிகளை எத்தனையோ முறை மாற்றிவிட்டேன். அதில் மட்டும் கை வைத்ததில்லை.

இப்போது தீர்ப்பு இல்லாமல், ஒரு நாள் இருவரும் டீ போடுகிறோம். மறுநாள் இருவரும் போடுவதில்லை. முன்பெல்லாம் மெஷின் மக்கர் செய்தால் நீங்கள் இருவரும் பஸ் ஏறி வந்துவிடுவீர்கள். ரிப்பேர் அரை நாழி, பேச்சு இரண்டு நாள். இப்போது எல்லாம் போனிலேயே முடிந்துபோகிறது. இது போனில் முடியாது. நேரில் வந்து இன்டர்பிரெட்டரைப் பழைய இடத்திலேயே குடிவையுங்கள்.

உங்கள் வீட்டில் சிரிப்பும், மெஷினில் பழைய விலாசங்களும் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: பழைய இடத்தில் ஒரு லிங்க் வைத்தால் அது புது இடத்துக்குக் கைகாட்டிவிடும் என்று நானே கண்டுபிடித்து, போன வாரமே வைத்துவிட்டேன். முதல் வரி அப்படியே இருக்கிறது, ஸ்கிரிப்ட் ஜோராக ஓடுகிறது. கடிதத்தைப் படித்த அத்தை, "பிள்ளைங்களைப் பாக்கணும்னா வாங்கன்னு எழுதுங்களேன். நல்லா ஓடுற மெஷின் மேல ஏன் பழி போடறீங்க?" என்கிறாள். பொய் எழுதினான் என்ற பேர் எனக்கு வேண்டாம். லிங்கை இப்போதுதான் அழித்தேன். ஓடவில்லை. வாருங்கள்.