மேசை புக் பண்ணப் போய் கிளப் மேனேஜர் ஆயிட்டேன்

சனிக்கிழமைக்கு ஒரு மேசை புக் பண்ணணும். மூணு நாற்காலி. அவ்வளவுதான் என் வேலை.

எதுக்கு மேசைன்னு சொல்லிடறேன். நான், பக்கத்து வீட்டு ரேவதி, ஸ்கூல் வேன் ஓட்டுற மணியண்ணன், நாங்க மூணு பேரும் காலேஜ் ஃபுட்பால் பைத்தியங்க. வெளிநாட்டு லீக்கை ஊரே பாக்குது. நாங்க பாக்குறது சுங்கைப் பட்டாணி சுத்துவட்டாரத்துக் காலேஜ் பசங்க பாடாங் திடல்ல விளையாடுறதை. சில மேட்ச்சுக்கு ரெஃப்ரீ, நாங்க மூணு பேரு, மேயுற ஆடுங்க. வேற கூட்டமே இருக்காது.

இத்தனைக்கும் பந்து என் பக்கம் வந்தா நான் கண்ணை மூடிக்குவேன். ஆனா ஆஃப்சைடு எதுன்னு ரெஃப்ரீக்கே சொல்லிக் குடுப்பேன். என் தகுதி அப்படி.

ரேவதிதான் இந்த டிராஃப்ட் சமாச்சாரத்தைக் கொண்டு வந்தா. அமெரிக்காவுல காலேஜ்ல விளையாடுற பசங்களைப் பெரிய கிளப்புங்க முறை வெச்சு ஒவ்வொருத்தரா எடுப்பாங்களாம். அதுக்கு முன்னாடியே ரசிகருங்க, "நான் இந்தக் கிளப் மேனேஜர், நீ அந்தக் கிளப் மேனேஜர்"னு பாவனையா எடுத்துப் பாப்பாங்களாம். சும்மா விளையாட்டுக்கு. அதுக்குப் பேரு மோக் டிராஃப்ட்.

"நாமளும் செய்வோம்லா"ன்னா.

"நம்மகிட்ட கிளப் ஏது?"

"அவங்ககிட்ட மட்டும் இருக்கா? அவங்களும் வீட்டு சோபாவுலதான் உக்காந்திருக்காங்க."

நியாயம்தானே! அங்கேயே மூணு கிளப் பொறந்துச்சு. ரேவதிக்கு மெர்போக் முதலைகள். மணியண்ணனுக்கு பெடோங் சிங்கங்கள். எனக்கு ஜெராய் யானைகள். நான் கொஞ்சம் குண்டுங்கிறதால இந்தப் பேரு வெச்சாங்களான்னு கேட்டேன். ரேவதி உடனே பேச்சை மாத்திட்டா.

வீட்டுல செய்ய முடியாது. என் வீட்டுக்காரரு, "இல்லாத கிளப்புக்கு எதுக்குடி என் ஹால்?"னு கேட்டுட்டாரு. அதனாலதான் செல்வம் அண்ணன் கடையில மேசை.

செல்வம் அண்ணன் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை வெச்சிருக்காரு. நல்ல மனுசன். ஆனா அவரு காதுக்குப் போன விஷயம் கடைக்குள்ள தங்காது. அது எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் போனேன்.

"எத்தனை பேரும்மா?"

"மூணு பேருண்ணே."

"மூணு பேருக்கு எதுக்கு புக்கிங்? வந்து உக்காருங்களேன்."

இங்கதான் நான் வாயை மூடியிருக்கணும். பக்கத்து மேசையில ரெண்டு பேரு வேற என்னையே பாத்தாங்களா, எனக்குக் கொஞ்சம் ஏறிடுச்சு.

"இல்லண்ணே, இது முக்கியமான மீட்டிங். காலேஜ் ஃபுட்பால் பிளேயர்ஸ் டிராஃப்ட். மூணு கிளப் மேனேஜர் வர்றாங்க. நம்ம ஏரியா பசங்களை எடுக்கப் போறோம்."

அண்ணன் கையில இருந்த சாம்பார் வாளியைக் கீழ வெச்சாரு.

"நம்ம பசங்களையா?"

"ஆமாண்ணே. நல்ல பசங்க நிறைய இருக்காங்க. யாரு கவனிக்கிறா?"

அவரு கண்ணு கலங்கிடுச்சு. நானும் கூடவே கொஞ்சம் கலங்கினேன். அந்த நேரத்துல எனக்கே அது நெசம் மாதிரிதான் இருந்துச்சு!

வெள்ளிக்கிழமை ஜித்ராவுல இருக்கிற என் சித்தி வாட்ஸாப்ல ஒரு மெசேஜ் அனுப்பினாங்க. "நற்செய்தி! நாளை சுங்கைப் பட்டாணியில் மூன்று பெரிய கிளப்புகள் நம் பிள்ளைகளை நேரில் தேர்வு செய்கின்றன. அனைவருக்கும் பகிரவும்." கீழ கும்பிடுற கை, பந்து, கோப்பை எல்லாம் இருந்துச்சு.

சித்தி கேட்டாங்க: "கிறிஸ்டி, உனக்குத்தான் ஃபுட்பால் தெரியுமே, இது நெசமா?"

"தெரியல சித்தி. ஆனா நல்ல விஷயம்தான்"னு பதில் போட்டேன்.

போட்டதோட விட்டேனா? சர்ச் பாடகர் குரூப்புக்கு ஃபார்வேர்ட் பண்ணேன். எங்க தாமான் குடியிருப்புக் குரூப்புக்கும் பண்ணேன். அப்புறம் மணியண்ணனுக்கு போன் பண்ணிப் பொலம்பினேன்.

"அண்ணே, எவனோ நாம புக் பண்ண அதே நாள்ல செலக்‌ஷன் வெச்சிருக்கான்!"

"எவன்லா அவன்?" மணியண்ணனுக்குக் கோபம். "நாம எடுக்குறதுக்கு முன்னாடி நல்ல பசங்களையெல்லாம் அள்ளிட்டுப் போயிடுவானே!"

இல்லாத கிளப்புக்கு வந்த போட்டியை நினைச்சு ரெண்டு பேரும் ரொம்ப நேரம் வருத்தப்பட்டோம்.

மறுநாள் சனிக்கிழமை நாங்க மூணு பேரும் போனோம். கடைத் தெருவுல கார் நிறுத்த இடமே இல்ல.

"கல்யாணமா இருக்கும்"னா ரேவதி.

வேன் வேனா நிக்குது. காருக்கு நடுவுல பசங்க பூட்ஸ் போட்டுக்கிட்டு பந்தைத் தட்டிட்டு இருக்காங்க. அம்மாமாருங்க கையில ஃபைல். ஒரு அப்பா மகனுக்குத் தொடை நீவி விடுறாரு. ஒரு பையன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு காலை நீட்டி மடக்குறான்.

"கல்யாணத்துல மாப்பிள்ளை எதுக்குக்கா பூட்ஸ் போட்டிருக்காரு?"ன்னா ரேவதி.

கூட்டத்தை விலக்கிக்கிட்டு கடை வாசலுக்குப் போனேன்.

கடைக்குள்ள எட்டிப் பாத்தேன். நடு மேசையில வெள்ளைத் துணி. மூணு நாற்காலி. மூணு இளநி. ஒரு மைக். பின்னாடி சுவத்துல, தீபாவளிக்கு மாட்டுன "வருக வருக" பேனர்.

செல்வம் அண்ணன் என்னைப் பாத்துட்டாரு. மைக்கை எடுத்தாரு.

"மேனேஜருங்க வந்துட்டாங்க!"

எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்க. நானும் திரும்பிப் பாத்துக் கைதட்டினேன். எங்களுக்குப் பின்னாடி யாரும் இல்ல.

"அலாமாக்"னு மணியண்ணன் மெதுவா சொன்னாரு. "நாமதான்லா அந்த எவனோ!"

ஓடியிருக்கலாம். வாசலை அடைச்சுக்கிட்டு ஒரு அக்கா நின்னாங்க. உறுதியான ஆளு, பேரு பாக்கியம், சுங்கை லாலாங்ல இருந்து வர்றாங்க. கூட மகன் தினேஷ். உயரமான பையன், தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னான்.

தினேஷை எனக்குத் தெரியும். கோல்கீப்பர். மழையில சேறா கிடந்த பாடாங்ல, பாய்ஞ்சு பாய்ஞ்சு அவன் பந்தைப் பிடிச்சதை நான் பாத்திருக்கேன். ஜெராய் யானைகளுக்கு முதல் ஆளா அவனைத்தான் எடுக்கணும்னு ஒரு வாரமா முடிவு பண்ணி வெச்சிருந்தேன்.

"மேடம், இவன்தான் என் மகன். சிஜில், சர்டிபிகேட் எல்லாம் கொண்டு வந்திருக்கேன்"னு ஃபைலைத் திறந்தாங்க. பேச்சுப் போட்டி சிஜில்கூட இருந்துச்சு.

"அக்கா, நான் மேடம் எல்லாம் இல்ல..."

"ஜித்ராவுல இவன் மாமா ஒரு வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காரு. இன்னிக்குப் போய்ப் பேசணும். நான்தான் நிறுத்திட்டேன். வேலை எப்ப வேணாலும் கிடைக்கும், இது கிடைக்குமா?"

யாரோ கையில திணிச்ச இளநியைக் கீழ வெச்சேன். அதுவரைக்கும் எப்படியாவது சமாளிச்சுட்டு, "ரிசல்ட் அப்புறம் சொல்லுவாங்க"ன்னு கம்பி நீட்டிடலாம்னு ஒரு திட்டம் மனசுல ஓடிட்டு இருந்துச்சு. மணியண்ணனும் காதுல அதையேதான் ஓதினாரு. ஆனா அந்த வேலை விஷயத்தைக் கேட்டதுக்கு அப்புறம் முடியல.

மைக்கை எடுத்தேன். மைக் 'கீய்ய்ய்'னு கத்துச்சு.

"எல்லாரும் மன்னிக்கணும். இது நெசம் செலக்‌ஷன் இல்ல. நாங்க மேனேஜரும் இல்ல. நான் ஃபார்மசி கவுண்டர்ல வேலை செய்யுறேன். அவரு ஸ்கூல் வேன் ஓட்டுறாரு. இவங்க ஆஸ்பத்திரியில தாதி. நாங்க சும்மா ரசிகருங்க. விளையாட்டுக்கு ஆளெடுக்க வந்தோம்."

யாரும் நம்பல!

"ஓ, சீட்டெல்லாம் ஏற்கெனவே குடுத்து முடிச்சாச்சா? அதான் இப்படிப் பேசுறாங்க"ன்னாரு தொடை நீவிட்டு இருந்த அப்பா.

"எப்பவும் இப்படித்தான்லா. நம்ம பிள்ளைங்கன்னா கடைசி நேரத்துல இல்லம்பாங்க"ன்னாங்க இன்னொருத்தங்க.

"இல்லைங்க, கிளப்பே இல்லைங்க!"

"கிளப் இல்லாம எப்படி மூணு மேனேஜரு?"

நானே அதைத்தானே முதல்ல கேட்டேன்.

கடைசியா ரேவதி தன் போனை எடுத்து, எங்க மூணு பேரு வாட்ஸாப் குரூப்பை எல்லாருக்கும் காட்டினா. குரூப் பேரு 'வேலை இல்லாத மேனேஜர்கள்'. அதுக்கு அப்புறம்தான் நம்பினாங்க.

பசங்க கட்டுன பூட்ஸைக் கழட்ட ஆரம்பிச்சாங்க.

செல்வம் அண்ணன் என்னைப் பாத்த பார்வை இருக்கே! "அம்மா, நான் எங்க குலசாமி கோயில் குரூப்புல எல்லாம் போட்டேனேம்மா"ன்னாரு.

"அண்ணே, நானே சர்ச் குரூப்புல போட்டேண்ணே"ன்னேன்.

பாக்கியம் அக்கா சிஜில் ஒவ்வொண்ணா எடுத்து ஃபைல்ல சொருகினாங்க. அவங்க திட்டியிருந்தாக்கூட எனக்குப் பரவால்ல.

மணியண்ணன்தான் முதல்ல அசைஞ்சாரு. "அக்கா, மாமா நம்பர் குடுங்க. நான் பேசுறேன்"னு வாங்கி, வெளிய போய்ப் பேசிட்டு வந்தாரு.

"திங்கக்கிழமை வந்தாப் போதும்னு சொல்லிட்டாருக்கா. ஆள் எடுக்குற சூப்பர்வைசரே இன்னிக்கு லீவாம். நானே வேன்ல கூட்டிட்டுப் போறேன்."

பாக்கியம் அக்கா ஒரு பெருமூச்சு விட்டாங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

அப்பத்தான் தினேஷ் முதல் தடவையா வாயைத் திறந்தான்.

"அக்கா, நீங்க எங்க மேட்ச் பாத்திருக்கீங்களா?"

"எல்லா மேட்ச்சும் பாத்திருக்கேன் தம்பி."

"கோலுக்குப் பின்னாடி ஆரஞ்சுக் குடை பிடிச்சுக்கிட்டுக் கத்துனது நீங்களா?"

"நான்தான்."

பசங்க ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கிட்டாங்க. "டேய், நாம அது ரெஃப்ரீயோட பொண்டாட்டின்னு நினைச்சோம்டா"ன்னான் ஒருத்தன். கடையே சிரிச்சுச்சு. பாக்கியம் அக்காவும்தான்.

தினேஷ் கொஞ்சம் தயங்கினான். "சரி, நெசம் இல்லன்னாலும் பரவால்லக்கா. நீங்க எடுக்க வந்தீங்கள்ல? எடுங்க. நாங்க பாக்குறோம்."

"அதான! வந்தது வந்துட்டோம்"னாரு தொடை நீவுன அப்பா. "என் மகனை எந்த ரவுண்டுல எடுக்குறீங்கன்னு நானும் பாத்துடறேன்."

அப்புறம் நடந்த சண்டை நெசம் செலக்‌ஷன்லகூட நடந்திருக்காது. நான் தினேஷை முதல் ஆளா எடுத்தேன். பாக்கியம் அக்கா எந்திரிச்சு எல்லாரையும் பாத்துத் தலையை ஆட்டினாங்க. தொடை நீவுன அப்பா மகனை ரேவதி மூணாவது ரவுண்டுல எடுத்தா.

"மூணாவதா? அவன் இடது காலைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் அங்கிள். அதனாலதான் மூணாவது."

அவரு இல்லாத கிளப் மேல இருக்கிற கோபத்துல சாப்பிடாமக் கிளம்பப் பாத்தாரு. செல்வம் அண்ணன் கையைப் பிடிச்சு உக்கார வெச்சு இலை போட்டாரு. வந்திருந்த எல்லாருக்கும் இலை போட்டாரு. ஒருத்தரையும் எடுக்காம விடல நாங்க. பந்து பொறுக்கிப் போட வந்த பையனைக்கூட மணியண்ணன் சிங்கங்கள்ல சேத்துக்கிட்டாரு.

மோர் குடிச்சுட்டு இருக்கும்போது தினேஷ் எந்திரிச்சான். மைக்கை வாங்கினான்.

"இப்ப எங்க முறை. எங்களுக்கு அடுத்த மேட்ச் இருக்கு. யாரு எந்த டீமுக்கு வந்து கத்தணும்னு நாங்க டிராஃப்ட் பண்றோம்!"

பயங்கரக் கைதட்டல். வந்திருந்த நாலு காலேஜ் பசங்களும் தனித்தனியாக் கூடிப் பேசினாங்க. முதல் ஆளா பாக்கியம் அக்கா போனாங்க. தொண்டை அப்படி. அடுத்தது செல்வம் அண்ணன், சாப்பாடு கொண்டு வருவாருன்னு. வேன் இருக்குன்னு மணியண்ணனுக்கு ரெண்டு டீம் அடிச்சுக்கிட்டாங்க. காயம் பட்டாக் கட்டுப் போடுவாங்கன்னு ரேவதியை எடுத்தாங்க. தொடை நீவுன அப்பாவை மூணாவது ரவுண்டுல எடுத்தாங்க. அவரு மறுபடியும் கோவிச்சுக்கிட்டாரு.

கடைசியா, ஒட்டுமொத்தக் கடையிலயும் நான் மட்டும் மிச்சம் நின்னேன்.

"டேய், கிறிஸ்டி அக்காவை யாராச்சும் எடுங்கடா, பாவம்"னான் தினேஷ்.

பின்னாடி இருந்து ஒரு குரல் வந்துச்சு: "அக்கா வேண்டாம்லா. அவங்க ஒரு மேசை புக் பண்ணாலே இவ்வளவு கூட்டம் வருது. எங்க பாடாங்ல அவ்வளவு இடம் இல்ல."

செலக்‌ஷன்னா இப்படித்தான்லா இருக்கணும். சிபாரிசே கிடையாது.