வாளியைச் சுற்றி ஒரு பள்ளிக்கூடம்

எங்கள் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பறை ஒழுகியது. இதை அலங்காரமில்லாமல் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு வரப்போவதெல்லாம் அலங்காரம்தான்.

கூரையின் நடுவில் ஓர் ஓடு நகர்ந்திருந்தது. மழை பெய்தால் அதன் வழியே தண்ணீர் இறங்கியது. கீழே ஒரு நீல வாளி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வாளிக்குப் பயந்து சன்னலோரத்து மூலையில், ஒருவர் மடியில் இன்னொருவர் என்று சொல்லத்தக்க நெருக்கத்தில் உட்கார்ந்து வாய்பாடு ஒப்பித்தார்கள்.

தலைமையாசிரியையின் கவலை தண்ணீர் அல்ல, விதி. உலர்ந்த அறை இல்லாத வகுப்பை அடுத்த பள்ளியோடு இணைத்துவிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அடுத்த பள்ளி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். எட்டு வயதுப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்களே என்று நிற்கும் பழக்கம் அங்கே எந்த லாரிக்கும் கிடையாது. அந்த அம்மாள் நேராகக் கட்டடத் துறைப் பொறியாளரிடம் போனார்.

"சார், ஒரே ஒரு ஓடு மாத்தணும்."

"அது பழுதுபார்ப்பு மேடம். பழுதுபார்க்கறதையெல்லாம் துறை எப்பவோ விட்டாச்சு."

"இப்ப என்ன பண்றீங்க?"

"மறுகற்பனை."

மறுகற்பனை செய்யக் கட்டடக் கலைஞர் ஒருவர் வந்தார். அவர் அணிந்திருந்தது வட்டக் கண்ணாடி. ஆகவே ஊரில் அவர் பெயரும் வட்டக் கண்ணாடி. ஏணி கொண்டுவரவில்லை. அண்ணாந்தும் பார்க்கவில்லை. அவருடைய கோட்பாடு வேறு. ஒரு கட்டடத்தை யாருக்காகக் கட்டுகிறோமோ அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். அவர்களிடம் ஒருபோதும் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் மனிதர்கள் பொய் சொல்வார்கள். கூரை ஒழுகுது என்பார்கள்.

மழை நாளாகப் பார்த்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாலைக்குள் அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"மேடம், இந்த வாளியை வடிவமைச்சது யாரு?"

"கழிப்பறையிலேர்ந்து எடுத்துட்டு வந்தோம் சார்."

"அற்புதம்! ஒரு பிள்ளைகூட அதை நெருங்கல, கவனிச்சீங்களா? என்ன மரியாதை! அறையோட ஆன்மாவே அதுதான். அப்புறம் அந்த மூலை. அதை எவ்வளவு நேசிக்கறாங்க!"

"நனையாம இருக்கத்தான் சார் அங்க போறாங்க."

"அது நீங்க கொடுக்கற விளக்கம் மேடம். நான் விளக்கத்தைப் பார்க்கறதில்ல. நடத்தையைப் பார்க்கறேன்."

வேலை தொடங்கியது. ஆன்மாவுக்கு வழிவிடும் பொருட்டுக் கூரையின் ஓட்டை ஒரு மாட்டு வண்டி நுழையும் அளவுக்கு விரிவாக்கப்பட்டது. வாளி பளிங்குப் பீடம் ஏறியது. பெஞ்சுகள் அனைத்தும் பிள்ளைகளின் விருப்பத்துக்கிணங்க மூலையில் நெருக்கித் திருகாணி போட்டு இறுக்கப்பட்டன. அறைக்கு 'முற்றம்' என்று பெயர் சூட்டப்பட்டது. இதில் ஒரு நுட்பம் உண்டு. அறையில் தண்ணீர் விழுந்தால் அது ஒழுகல்; முற்றத்தில் விழுந்தால் அது மழை. ஆக, ஒழுகல் பற்றிய புகார் முழுமையாகத் தீர்க்கப்பட்டது.

முற்றத்துக்கு எதிரே, மழை விழும் அழகைக் காண வருவோருக்காகப் பார்வையாளர் மாடம் ஒன்று எழுந்தது. மெத்தை தைத்த இருக்கைகள். கான்கிரீட் கூரை. அதன்மேல் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு பொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை என்பதைப் பொறியாளரே நின்று உறுதிசெய்தார்.

"இந்தக் கூரையை அந்தப் பக்கம் போட்டிருக்கலாமே சார்?" என்றார் தலைமையாசிரியை.

"போட்டுட்டா, இங்க உட்கார்ந்து எதைப் பார்க்கறது?" என்றார் பொறியாளர்.



முற்றத்தின் படம் பத்திரிகைகளில் வந்தது. நாங்கள் அதுவரை எங்கள் ஊரில் ஆன்மா இருப்பதை அறியாதவர்கள். அறிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? மருந்துக் கடைக்காரர் கடை நடுவில் ஒரு வாளி வைத்தார். பல் மருத்துவர் கூரையையே பிரித்தார். ஓடு மாற்றிக் காலம் தள்ளிய கொத்தனார் தாடி வளர்த்து, 'கூரைத் திறப்பு ஆலோசகர்' என்று பலகை மாட்டிக்கொண்டார். அப்போதுதான் புது வீடு கட்டிக் குடிபுகுந்திருந்த என் அக்கா, தன் வீட்டில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையே என்று விருந்தாளிகள் முன்னால் கூனிக் குறுகிப் போனாள். அத்தான் ஆலோசகரைக் கூப்பிட்டனுப்பினார்.

"நம்ம கூடத்துல கொஞ்சம் ஒழுக வைக்க முடியுமா?"

"சொட்டா வேணுமா, தாரையா வேணுமா?"

"பக்கத்து வீட்ல என்ன போட்டீங்க?"

"தாரை."

"நமக்கும் தாரையே போடுங்க."

"அப்ப சோபாவை எங்கங்க போடறது?" என்று அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள்.

"மூலையிலதான். எல்லாரும் அங்கதான் போடறாங்க," என்றார் ஆலோசகர்.

திறப்பு விழா நெருங்கியது. பொறியாளர் ஒத்திகை பார்க்க வந்தபோது போகிற போக்கில் சொன்னார்: "மேடம், ஒரு சின்ன விஷயம். முற்றம் அறைக் கணக்குல வராது. அதனால மூணாம் வகுப்புக்கு இப்ப அறையே இல்ல. விழா முடிஞ்சதும் பிள்ளைங்களை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிடுங்க."

"ஒழுகினப்போகூட அறைன்னு ஒண்ணு இருந்துச்சே சார்."

"அதான் மேடம் வளர்ச்சி."

தலைமையாசிரியை அன்று வீட்டுக்குப் போகவில்லை. முற்றத்து வாசலில் கிடந்த வட்டக் கண்ணாடியின் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் கவனித்துக்கொண்டிருந்தார்.

விழா நாளன்று வானம் திருப்திகரமாகக் கறுத்திருந்தது. பெற்றோர் அத்தனை பேரும் வந்திருந்தோம். பொறியாளரும் வட்டக் கண்ணாடியும் முன்னே நடக்க, பார்வையாளர் மாடத்துக்கு ஊர்வலமாகப் போனோம். அங்கே மெத்தை இருக்கைகளில் மூன்றாம் வகுப்பு உட்கார்ந்து வாய்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது. காலியிடம் இல்லை.

"என்ன மேடம் இது? எழுப்புங்க!" என்றார் பொறியாளர்.

"எழுப்பக் கூடாது சார். காலையிலேர்ந்து கவனிக்கறேன். யாரும் சொல்லாமலே இங்க வந்து உட்கார்ந்தாங்க. பரவி உட்கார்றாங்க, காலை ஆட்டறாங்க, சிரிக்கறாங்க. இந்த இடத்தை எவ்வளவு நேசிக்கறாங்க பாருங்க!"

"அவங்களையே கேட்டுடலாமே!"

"கேட்டா பொய் சொல்லுவாங்க சார்."

பொறியாளர் வட்டக் கண்ணாடியைப் பார்த்தார். வட்டக் கண்ணாடி பிள்ளைகளின் ஆடும் கால்களைப் பார்த்தார். அவருக்குள் ஒரு கோட்பாடும் ஒரு மெத்தை இருக்கையும் போராடின. கோட்பாடு வென்றது. அவர் நேர்மையாளர், அதை மறுப்பதற்கில்லை.

"இயல்பான குடியேற்றம்," என்றார் தழுதழுத்த குரலில். "தொந்தரவு பண்ணக் கூடாது."

ஆகவே நாங்கள் முற்றத்தில் நின்றோம். விளக்கேற்றுவதற்குள் மழை கொட்டியது. அதன் பிறகு நடந்ததை ஓட்டம் என்று சொல்வது பொருத்தமில்லை. ஓடுவதற்கு அங்கே இடமில்லை. பெற்றோர், பல் மருத்துவர், ஆலோசகர், என் அத்தான் எல்லோரும் சன்னலோரத்து மூலையில் போய் அடைந்தோம். பொறியாளர் வட்டக் கண்ணாடியின் மடியில் அமர்ந்திருந்தார். என் மடியில் யார் இருந்தார் என்பதைக் குடும்ப நலன் கருதி இங்கே தவிர்க்கிறேன்.

எதிரே மாடத்தில் வாய்பாடு நின்றது.

"என்ன பார்க்கறீங்க பிள்ளைங்களா?" என்றார் தலைமையாசிரியை.

"பெரியவங்களுக்கு அந்த மூலை ரொம்பப் பிடிச்சிருக்கு டீச்சர்!"

"நனையுது மேடம்!" என்று வட்டக் கண்ணாடி பொறியாளருக்குப் பின்னாலிருந்து அலறினார்.

"அது நீங்க கொடுக்கற விளக்கம் சார்."

மூன்றாம் வகுப்பு இப்போது 'நிரந்தரப் பார்வையாளர்கள்' என்ற தகுதியில் மாடத்திலேயே நடக்கிறது. பார்வையாளர்களை வேறு பள்ளியோடு இணைப்பதற்கு விதி எதுவும் இல்லை. லாரிகள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

அடுத்து ஊர்ச் சமுதாயக் கூடத்தை மறுகற்பனை செய்கிறார்கள். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. விழாவில் எடுத்த எங்கள் புகைப்படமே போதும் என்றுவிட்டார்கள். நாற்காலிகள் எல்லாம் ஒரே மூலையில். நடுவில் பளிங்குப் பீடம் தயார்.

நேற்று உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். கூரையில் ஒரு கீறல்கூட இல்லை. கடப்பாறையோடு ஆலோசகர் மேலே ஏறிக்கொண்டிருந்தார். அத்தானும் நானும் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.