விமானத்துக்கு டியூப் லெவல் பிடித்தவன்

ஒரு வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவனை அடுத்தவர் வேலைக்குப் பக்கத்தில் விடவே கூடாது. நெய்வேலி மைன்ஸில் நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயரின் இரும்புச் சட்டங்களுக்கு டியூப் லெவல் பிடிப்பதில், அதாவது பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பதில், எனக்குப் பெரிய பெயர். (அந்தப் பெயரை வைத்ததும் பெரும்பாலும் நான்தான்.)

என் மைத்துனன் சேகர் பண்ருட்டியில் ஒரு பழைய முந்திரிக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, சொந்தமாக ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருந்தான். மிச்சம் இருந்தது ஃபிளாப் வேலை. இறக்கையின் பின்பக்கம் மடங்கி இறங்கும் பலகைகள் அவை. இரண்டும் ஒரே அளவு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் விமானம் ஒரு பக்கமாகப் புரண்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற விமானி ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அவர் சரி என்றால்தான் சேகரின் பல வருட ஆசை பறக்கும்.

"மாமா, நான் வர்ற வரைக்கும் ஃபிளாப்பத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை போல்ட் வாங்கப் போனான்.

தொட்டேன். குழாயைக் கட்டி, பலகைகளை அசைக்கும் கம்பிகளின் மரையைத் திருகி, இரண்டு பலகைகளின் ஓரத்தையும் ஒரே தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். தண்ணீரைப் பார்த்த அளவுக்கு இறக்கையைப் பார்க்கவில்லை. "பக்காவா முடிச்சாச்சுடா" என்று நான் சொன்னதை நம்பி, சேகரும் நட்டுகளை இறுக்கிவிட்டான்.

ஞாயிறு காலை மொத்தக் குடும்பமும் சுற்றி நிற்க, அவன் ஃபிளாப்பை இறக்கும் லீவரை இழுத்தான். வலது பலகை வெள்ளாட்டுக் காது மாதிரித் தொங்கியது. இடது பலகை எனக்கென்ன என்று இருந்தது. சேகரின் முகம் செத்துவிட்டது.

"யாருங்க இத செட் பண்ணது?" என்றார் விமானி.

நான் மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நான்தான் சார். டியூப் லெவல் பிடிச்சது. தண்ணி பொய் சொல்லாதுங்க."

அவர் கையிலிருந்த பாட்டில் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அது குடுகுடுவென்று இடது சக்கரத்தைத் தாண்டிச் சாக்கடைக்கு ஓடியது. கழுவிவிடுவதற்காகச் சரிவாகப் போட்ட தரை! சாய்ந்து நின்ற விமானத்தில் பலகைகளை மட்டும் நான் பூமிக்கு நேராக்கி வைத்திருந்தேன்.

"தண்ணி பொய் சொல்லலீங்க. ஆனா இறக்கையிலேருந்துதான் அளக்கணும்" என்றார்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "அப்படின்னா தரைதான் சார் தப்பு" என்றேன்.

முதலில் சிரித்தது அவர்தான். கொஞ்சம் பொறுத்து சேகரும் சிரித்தான். எனக்கு உயிர் வந்தது. அவர் நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, கொட்டகைக்குத் திரும்பி, சாயங்காலம் வரை கூட இருந்து சரி செய்து கொடுத்தார். பிறகு அந்த விமானம் பறந்தபோது, கீழே நின்று சந்தோஷத்தில் அழுதேன்.

போன மாதம் மந்தாரக்குப்பத்தில் என் மகள் கல்யாணம். பந்தியில் பாயச வாளியோடு தடுமாறி, சம்பந்தியின் பட்டு வேட்டியில் பாதியைக் கொட்டிவிட்டேன்.

"அவர் மேல தப்பில்லீங்க, தரைதான் தப்பு" என்றாள் என் மனைவி. எங்கள் வீட்டுச் சனம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. விஷயம் தெரியாத சம்பந்தி மட்டும், பாவம், குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார்.