செம்புக் குச்சியும் எட்டுத் தட்டுகளும்

மூன்றாம் மாடியில் தொடங்கிய வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. வேலைக்கு ஒரு நாளும் நேரத்தில் வராதவர்கள் அன்று அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்கள். அலை வைத்தியர் வந்திருந்தார். அழைத்து வந்தவன் நான்.

நான் இந்தக் கட்டடத்தின் பராமரிப்பு மேற்பார்வையாளர். பதினெட்டு வருட அனுபவம். அது எதற்கு உதவியது என்பது போகப் போகத் தெரியும்.

இரண்டு மாதமாக அந்த மாடியில் எல்லோருக்கும் தலைவலி. மதியத்துக்கு மேல் கண் சொருகும். காரணம் தேடி அண்ணாந்து பார்த்தோம். கூரையில் எட்டு வெள்ளைத் தட்டுகள். வைஃபை அலையைப் பரப்புபவை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சாக்கெட், அதிலிருந்து ஒரு கேபிள். எல்லாக் கேபிள்களும் மாடியின் கோடியில் இருக்கும் சின்ன அறைக்குப் போய்ச் சேரும். மாதக்கணக்கில் ஏணியில் நின்று அவற்றைப் போட்டவர் கேபிள் அக்கா.

வைத்தியர் தட்டுகளுக்கு அடியில் ஒரு செம்புக் குச்சியை நீட்டினார். குச்சி ஆடியது. அலை நெருப்பாகக் கொட்டுகிறது என்றார். கூட்டம் தலையைப் பிடித்துக்கொண்டது. வலிக்காதவர்களும் பிடித்துக்கொண்டார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஆளுக்கொரு செம்பு வில்லை தந்தார். இலவசமாக அல்ல. நான் இரண்டு வாங்கினேன். எனக்குத் தலை பெரிது.

அன்று மாலை யாருக்கும் தலை வலிக்கவில்லை. வரிசைக்காக மாடிக் கதவு நாள் முழுக்கத் திறந்திருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை, கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்த நான் உட்பட.

மறுநாள் கதவை மூடினோம். வலி திரும்பியது. அடுத்த வாரம் வைத்தியர் தீர்ப்போடு வந்தார். சாக்கெட் போட்ட ஆளுக்குக் கைராசி இல்லையாம். எட்டையும் பிடுங்கிவிட்டு வேறு ஆள் போட வேண்டுமாம். அவருடைய மைத்துனர் அந்தத் தொழிலில்தான் இருக்கிறாராம். மேலாளர் தலையாட்டினார். கேபிள் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை நான் தட்டச்சு செய்தேன். ஒரு பிழைகூட இல்லை.

அக்கா கடிதத்தைப் படித்தார். கத்தவில்லை. கோடி அறைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பினார். மடித்த சீட்டு ஒன்றை மேலாளர் கையில் கொடுத்தார்.

"அங்க சில வேலை பார்த்துட்டு வந்திருக்கேன். எந்தத் தட்டு உயிரோட இருக்கு, எது செத்திருக்குன்னு இவரோட குச்சி சொல்லட்டும். சரியா சொல்லிட்டார்னா நானே ஏணியை எடுத்துக்கிட்டுப் போயிடுறேன்."

வைத்தியர் சிரித்தார். குச்சியோடு நடந்தார். மூன்றாவதும் ஏழாவதும் செத்தவை என்றார். ஐந்தாவதன் கீழ் கை சுட்டதுபோல உதறினார். எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். நான் இரண்டடி. என்னிடம் இரண்டு வில்லைகள் இருந்தும்.

மேலாளர் சீட்டைப் பிரித்தார். "எட்டையும் கழற்றிவிட்டேன்" என்று எழுதியிருந்தது.

எல்லோரும் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார்கள். வைஃபை இல்லை. குச்சியை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் அது போனதே யாருக்கும் தெரியவில்லை.

"பழைய அலை தங்கியிருக்கு," என்றார் வைத்தியர்.

"அப்ப மூணுலயும் ஏழுலயும் மட்டும் ஏன் தங்கலை?" என்று அக்கா கேட்டார்.

அவருக்குத் திடீரென்று வேறொரு வேலை நினைவுக்கு வந்தது. படியிறங்கும்போது குச்சி ஆடவே இல்லை.

அப்படியானால் தலைவலி எதனால் என்று மேலாளர் கேட்டார். அக்கா மாடி முழுவதும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் நாற்காலிக்கு மேலே கூரையில் பார்வையை நிறுத்தினார். அங்கே ஒன்பதாவது சாக்கெட். பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதன் கேபிள் சாக்கெட்டில் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை யாரு பிடுங்கினது?"

நானும் சுற்றிப் பார்த்தேன், அந்த ஆளைத் தேடுவதுபோல. பிறகு சொன்னேன். "நான்தான்க்கா. சிவப்பா சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு. தலைக்கு மேல சிவப்பு ஆகாதுன்னு அண்ணி சொன்னாங்க."

"அண்ணி வந்து பார்த்தாங்களா?"

"ஃபோன்ல சொன்னாங்க."

"எப்பப் பிடுங்குனீங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

சொன்ன பிறகுதான் எனக்கே அது காதில் விழுந்தது.

"அது காத்தை அளக்குற கருவி. உள்ள காத்து கெட்டுப்போச்சு, வெளிக்காத்தை இழுன்னு மெஷினுக்குச் சொல்றது அதோட வேலை. அதுக்குத்தான் சிவப்பு. நீங்க அது வாயைக் கட்டிட்டீங்க."

ஏணியில் ஏறி கேபிளைச் செருகினார். சிவப்பு எரிந்தது. கூரைக்குள் மெஷின் இரைந்தது. காற்று வந்தது. மேலாளர் கடிதத்தை நான்காகக் கிழித்தார்.

மறுநாள் காலை அக்காவின் ஏணிக்கடியில் ஒரு வரிசை நின்றது. ஒருவருக்கு முதுகுவலி. ஒருவருக்கு மகளின் பரீட்சை. அக்காவுக்கு அப்படிக் கைராசியாம்.

அவர் மேலேயே நின்று எங்களைப் பார்த்தார்.

"காத்துதான் சரியாயிடுச்சே. இனியாவது மூளைக்கு வேலை கொடுங்களேன்."

சொன்னது முதலில் என் காதில்தான் விழுந்தது. வரிசையில் முதல் ஆள் நான்.