முளைப்பாரி அறையில் நான் திறந்த சன்னல்

ஒருத்தி நிம்மதியாகத் தூங்குகிறாள் என்பதற்காக அவளை எதிரியாக நினைத்தவள் திருவாடானைப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் என் ஓரகத்தி மல்லிகா. கொழுந்தனாரின் மனைவி, பக்கத்து வீடு, என்னைவிட ஒரு வயது இளையவள்.

ஐம்பதை ஒட்டி, சில மாத இடைவெளியில் எங்கள் இருவருக்கும் மாதவிலக்கு நின்றது. அதோடு தூக்கமும் போனது. திடீரென்று கழுத்திலிருந்து உச்சி வரை சூடு ஏறும், சேலை நனையும். காரணமில்லாமல் அழுகை வரும், காரணமில்லாமல் வீட்டுக்காரருக்குத் திட்டு விழும். (காரணத்தோடு விழுவது தனி.) தினமும் காலையில் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக நின்று புலம்புவோம். உண்மையைச் சொன்னால், அவளுக்கு என்னைவிட அதிகமாக வேர்த்தது என்று கேட்கும் நாளில் எனக்குத் தெம்பாக இருக்கும்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் புலம்பலை நிறுத்திவிட்டாள். முகமும் தெளிந்துவிட்டது. "எப்படிடி தூங்குன?" என்றால், "படுத்தேன், தூங்கிட்டேன்க்கா" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். தோளில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். ராமநாதபுரத்து டாக்டரம்மா எழுதிக்கொடுத்த ஈஸ்ட்ரோஜன் ஜெல்லாம். உடம்பில் குறைந்துபோன ஹார்மோனைத் திரும்பக் கொடுக்குமாம். கூடவே ஒரு மாத்திரையும் உண்டாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடி?"

"எனக்குக் கேக்குதான்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்க்கா."

நான் நம்பவில்லை. இவள் மட்டும் தூங்கி எழுந்து பளபளக்க வேண்டும், நான் இப்படியே வெந்துபோக வேண்டும் என்று திட்டம் போட்டிருக்கிறாள் என்றே முடிவு கட்டினேன்.

அந்த வாரமே அம்மன் கோயில் முளைப்பாரிக்கு விதை போட்டார்கள். எல்லா வீட்டுச் சட்டிகளையும் வெளிச்சம் புகாத ஓர் அறையில் வைத்து, ஒரே ஒரு பெண் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிக்க வேண்டும். அவள் மாதவிலக்கு நின்றவளாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. பயிர் நெடுநெடுவென்று வெளிர் மஞ்சளாக வளர்ந்தால் அவளுக்கு ராசியான கை என்று ஊரே கொண்டாடும். எனக்கு நின்ற நாளிலிருந்து அந்தப் பெயருக்காகக் காத்திருந்தேன். பொறுப்பெடுத்த ராக்காயி அத்தையோ, "இந்தத் தடவ மல்லிகா போகட்டும்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "அவ எப்படி போவா? மருந்து தடவிக்கிட்டிருக்கா. நின்னதெல்லாம் மறுபடி வந்துரும்!"

கூட்டம் மொத்தமும் மல்லிகாவைப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். (அந்த மருந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ட்யூபின் நிறம் மட்டும்.) ஐந்து நிமிடத்தில் சாவி என் இடுப்பில் இருந்தது.

அறைக்குள் போன பிறகுதான் தெரிந்தது. காற்று கிடையாது, மின்விசிறி கூடாது. சாணமும் ஈர வைக்கோலும் புழுங்கின. மூன்றாம் நாள் உள்ளே நிற்கும்போது சூடு ஏறியது பாருங்கள், சட்டிகளுக்கு நடுவில் விழுந்து செத்துவிடுவேன் என்று பயந்துபோனேன். சன்னலில் அடைத்திருந்த சாக்கை, ஒரே நிமிடம் என்று சொல்லிக்கொண்டு உருவினேன். சிலுசிலுவென்று காற்று வந்தது. மறுநாள் பத்து நிமிடம் ஆனது. ஐந்தாம் நாளிலிருந்து சாக்கைத் திரும்ப வைக்கவே இல்லை. பயிர் பச்சையாகத் தெரிந்தபோதுகூட, நல்ல செழிப்பு என்றுதான் நினைத்தேன்.

சட்டி தூக்கும் நாளில் ஊர்ப் பெண்கள் முன்னால் கதவைத் திறந்தார்கள். பயிர் விரல் நீளம்தான். பச்சைப்பசேல் என்று இருந்தது. போதாக்குறைக்கு ஒன்று விடாமல் சன்னல் பக்கமாகச் சாய்ந்து நின்று என்னைக் காட்டிக்கொடுத்தது.

"என்னடி இது, கீரப் பாத்தி மாதிரி நிக்கிது?" என்றார் ராக்காயி அத்தை.

அதையே தலையில் சுமந்துகொண்டு ஊர்வலம் போனோம். வழியெல்லாம் பெண்கள் என்னை வைதுகொண்டே வந்தார்கள். என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு, "கரைக்க வேணாம், கடைஞ்சா ரெண்டு நாளைக்கு ஆகும்" என்றார்.

ஊருணிக் கரையில் மல்லிகா மட்டும் பக்கத்தில் வந்தாள். வையப்போகிறாள் என்று நினைத்தேன்.

"உள்ள ரொம்ப வேர்த்துச்சாக்கா?"

நான் அங்கேயே அழுதுவிட்டேன். "கூட்டத்துல வச்சு மானத்த வாங்கிட்டீக. அத நான் மறக்க மாட்டேன். ஆனா நாளைக்கு டாக்டரம்மாட்ட போறோம், கெளம்பி இருங்க" என்றாள்.

டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். மார்புக்கும் கர்ப்பப்பைக்கும் பரிசோதனை எழுதினார். ரத்தம் கட்டும் நோய், மார்பகப் புற்றுநோய் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று துருவினார். எல்லாருக்கும் இது ஒத்துவராது, எனக்கு ஒத்துவரும் என்றார். மாதவிலக்கு திரும்ப ஆரம்பித்துவிடுமா என்று கேட்டேன். "கொடுக்குற முறையப் பொறுத்தது. உங்களுக்கும் மல்லிகாவுக்கும் கொடுத்திருக்கிற முறைல மாசாமாசம் வராது. ரத்தம் பட்டா மட்டும் ஒடனே வாங்க" என்றார். மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

சில வாரத்தில் எனக்கும் தூக்கம் வந்தது. ஆனால் வீட்டில் நான் சன்னல் பக்கம் போனால் போதும், "பாத்து, பயிரு பச்சையாயிரும்" என்று மகன் ஆரம்பித்துவிடுவான்.

ஊரிலும் கட்டுப்பாடு மாறிவிட்டது. இந்த வருசம் ராக்காயி அத்தை கூட்டத்தில் எழுந்து, "நின்னவளான்னு மட்டும் கேட்டா பத்தாது. நின்னவள்ல யாருடி ஜெல்லு போடுறது?" என்று கேட்டார். மல்லிகாவும் நானும் கை தூக்கினோம். அத்தை சாவியை மல்லிகாவிடம் கொடுத்தார், என் பக்கம் திரும்பவே இல்லை.