கத்தரிப் பாத்தியில் எறும்பு

கொதிக்கக் கொதிக்க ஊற்றிய வெந்நீரில் கத்தரிச் செடி செத்துப்போனது. எறும்புகள் குளித்து முடித்தவை போலப் பக்கத்துப் பாத்திக்கு நடந்தன.

"பாத்தியா, எவ்வளவு திமிரு!" என்றார் ரயில் ஓட்டுநர், காலிப் பாத்திரத்தைப் பிடித்தபடி.

"வேற ஏதாவது செஞ்சு பாருங்க," என்றாள் மனைவி.

ஓட்டுநர் வேலைக்குப் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு வளைவில், அவர் ஓட்டிவந்த ரயிலுக்கு முன்னால் ஒருவன் வந்து நின்றான். நகரவே இல்லை. பிரேக் போட்டும் ரயில் அவனைத் தாண்டித்தான் நின்றது. அவர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அவர்தான் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்தார், மேலதிகாரி வந்தார். எல்லோருக்கும் அவர் முதுகுதான் பதில் சொன்னது.

கடைசியில் அவரை எழுப்பியது எறும்புதான். "ஐயோ, பாத்தி பூரா மொய்க்குதே!" என்று மனைவி போட்ட கூச்சலில், செருப்புகூடப் போடாமல் தோட்டத்துக்கு ஓடிவந்துவிட்டார்.

வெந்நீர் தோற்றதும் மருந்துப் பொடி தூவினார். எறும்புகள் அதைச் சுற்றிக்கொண்டு புதுப் பாதை போட்டன. பக்கத்து வீட்டுக் கோழிக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. கொத்தித் தின்றுவிட்டு, வேலியோரம் காலை நீட்டிவிட்டது.

"முட்டை போடுற கோழி சார்!" என்று அலறினார் பக்கத்து வீட்டுத் தையல்காரர்.

"அது எதுக்கு என் பாதையில வந்துச்சு?"

கேட்ட பிறகுதான், சொன்னது என்னவென்று ஓட்டுநருக்கே உறைத்தது. பிறகு தானே குழி தோண்டிக் கோழியைப் புதைத்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதார். அத்தனை மாதமாக வராத அழுகை. திட்ட வந்த தையல்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து, "விடுங்க சார், வயசான கோழிதான்," என்றார்.

மறுநாள் ஓட்டுநர் மண்வெட்டியோடு இறங்கிப் புற்றைத் தேடினார். அகப்பட்டது தண்ணீர்க் குழாய். பீய்ச்சியடித்ததில் தெருவே நனைந்தது. வீட்டில் மட்டும் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. கோழியைப் பறிகொடுத்த வீட்டிலேயே போய் ஒரு குடம் வாங்கிவந்தாள்.

"சாப்பிட்டுட்டுத் தோண்டுங்க."

சேற்றுக் காலோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். அவள் சட்டென்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அடுப்புப் பக்கம் நின்னேன்."

சாப்பிட்ட கையோடு தெருமுனைக் கடைக்குப் போனார்.

"இருக்கறதுலயே கடுமையான மருந்தாக் குடுப்பா. இன்னையோட அதுங்க கதை முடியணும்."

கடைக்காரர் டப்பாவை எடுத்தார். கொடுக்காமல் தலையைச் சொறிந்தார்.

"மொதல்ல ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கண்ணே! நீங்க எறும்பைக் கொல்ல மருந்து கேக்குறீங்க. அண்ணி என்னடான்னா, பாத்தியில தூவணும்னு தெனமும் சர்க்கரை வாங்கிட்டுப் போறாங்க. ஏன்னு கேட்டா, 'எறும்பு போயிட்டா அவரு மறுபடி செவுத்தைப் பாத்துப் படுத்துக்குவாரு'ங்கறாங்க!"